வெட்டுப்பட்ட நாலு அடி

மார்ச் 3

அன்புள்ள நாத்தனாருக்கு,

மூன்று வருடமாக நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. நடுவில் உன் அண்ணன்தான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்கிக்கொண்டிருக்கிறார். "உங்க தங்கச்சி எப்படி இருக்கா?" என்று கேட்டால், "மேலயும் போகாம கீழயும் வராம மாடிக்கு நடுவுல நிக்கிற லிஃப்டைக்கூட நான் சரி பண்ணிடுவேன். உங்க ரெண்டு பேரை என்னால முடியாது. நீயே எழுதிக் கேளு" என்கிறார். அதனால் எழுதுகிறேன். போனில் பேசினால் உடனே சண்டை வரும். கடிதத்தில் என்றால் யோசித்து நிதானமாகச் சண்டை போடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி, அதுதான், நீ ஊர் ஊராகப் பதிவு செய்து அனுப்ப, நான் வானொலியில் வாசித்துப் போடுவேனே, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. நீ போன பிறகு பழைய நாடாக்களைத்தான் திருப்பித் திருப்பிப் போடுகிறேன். போன வாரம் 'கை சேர்ந்து செய்யும் வேலைப் பாட்டுகள்' என்று ஒரு மணி நேரம். கிணற்றங்கரையில் ஒட்டகத்துக்கு நீர் இறைப்பவர்கள், ஈரக் கம்பளியை மேஜையில் அடித்துத் துவைக்கும் பெண்கள், பனிமலையில் தண்டவாளம் போடுபவர்கள். கடைசியாக, நீ ஏதோ ஒரு துறைமுகத்தில் எடுத்த வடம் இழுக்கும் பாட்டு. நம் மொழியில் ஒருவன் முன்பாட்டுப் பாட, வேற்று மொழிக்காரர்கள் 'ஏலய்யா' என்று பின்பாட்டுப் பாடுவார்களே, அதேதான்.

மறுநாள் காலை ஓர் அம்மாள் நிலையத்துக்கு வந்தார். இரண்டு தெரு தள்ளி மெத்தைக் கடை வைத்திருப்பவர். தலைமுடியெல்லாம் பஞ்சுத் தும்பு. காவலாளி நிறுத்தியிருக்கிறார், அவரைத் தள்ளிக்கொண்டே என் அறைக்கு வந்துவிட்டார்.

"நேத்து வடம் இழுக்கிற பாட்டு போட்டீங்களே, பாடுனது என் தம்பி. அவன் எங்க இருக்கான்?"

அந்தத் தம்பி வீட்டை விட்டுப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறதாம். ஒரு வரி எழுதியதில்லையாம். போன மாதம்தான் கடைக்கு ஒரு ரேடியோ வாங்கியிருக்கிறார்.

அந்தப் பயணத்தில் நீ நான்கு துறைமுகங்களில் பதிவு செய்தாய். இது எந்தத் துறைமுகம் என்று டப்பாவின் மேல் எழுதவில்லை. எது என்று மட்டும் சொல். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. எது என்று சொல்ல மாட்டேன். டப்பாவில் எழுதாதது மறதியால் அல்ல.

பதிவு செய்த அன்று அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பேரு வேணாம், ஊரு வேணாம். பாட்டு வேணும்னா எடுத்துக்குங்க." நானும் சரி என்றேன். நம் தொழிலில் கையெழுத்து வாங்குவதில்லை; வாய்ச்சொல்தான். அதையும் விட்டுவிட்டால் நாளைக்கு யார் நம் மைக்கின் முன் வாயைத் திறப்பார்கள்?

ஒரு பாடகியின் ஊரைக் கேட்டு ஒருவர் வந்ததைச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? "நான் அவளுக்கு மாமா முறை" என்றார். யாருக்குப் பயந்து அவள் ஓடி வந்தாளோ, அந்த ஆளே அவர்தான். நல்லவேளை, அன்றைக்கு நீங்கள் லீவில் இருந்தீர்கள், நான் சொல்லவில்லை. அக்கா என்று சொல்பவரெல்லாம் அக்கா ஆகிவிட முடியாது.

குரலை வைத்து ஆளை அடையாளம் கண்டேன் என்பதையும் நான் நம்பமாட்டேன். நான் இப்போது ஒரு மருத்துவமனையில் காது சோதிக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். சத்தம் புகாத பெட்டிக்குள் ஆளை உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிய சத்தம் கேட்கும்போது பொத்தானை அழுத்தச் சொல்வேன். பாதிப் பேர் நான் சத்தமே கொடுக்காதபோதும் அழுத்துகிறார்கள். காதுக்கு ஆசை அதிகம், அண்ணி. கேட்க வேண்டும் என்று நினைத்தது கேட்டுவிடும்.

இன்னொன்று. அந்த அம்மாள் கேட்டது அந்தப் பாட்டின் பாதிதான். நடுவில் வடம் வழுக்கி, எல்லோரும் குப்புற விழுந்து, சிரித்து, மறுபடி பிடித்துப் புது அடி எடுப்பார்கள். அந்தப் பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அதைத்தான் நீங்கள் பிளேடால் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டீர்கள். நான் வேலையை விட்டதற்குக் காரணம் அதுதான். அண்ணன் நினைப்பதுபோல் கல்யாணப் பேச்சு அல்ல.

அண்ணனை முழங்காலுக்கு வைத்தியம் பார்க்கச் சொல்லுங்கள்.

நாத்தனார்


மார்ச் 27

அன்புள்ள நாத்தனாருக்கு,

கொட்டினால் தேள், கொட்டாவிட்டால் நாத்தனார் என்று என் அம்மா சொன்னபோது சிரித்தேன். போகட்டும். நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதனால் அந்த அம்மாளிடம் கறாராகவே கேட்டேன்.

"குரல் ஒண்ணுபோல பத்துப் பேருக்கு இருக்கும். உங்க தம்பிதான்னு எப்படிச் சொல்றீங்க?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "இது கப்பல் பாட்டே இல்லம்மா. பஞ்சு அடிக்கிற பாட்டு. எங்க அப்பா பாடுறது. வில்லால பஞ்ச அடிக்கிறப்போ மூச்சு வாங்காம இருக்கப் பாடுவார். அவன் அதைத் தூக்கிட்டுப் போய் வடத்துக்குப் போட்டிருக்கான், படவா" என்றார். பிறகு, "இதுல பூனை அடி வருமே, அதை ஏன் நீங்க போடல?" என்று கேட்டார்.

"என்ன பூனை?"

அவருக்கு எட்டு வயது, தம்பிக்கு ஆறு வயது இருக்கும்போது ஒரு பூனை, வாய் தைக்காத மெத்தைக்குள் புகுந்து குட்டி போட்டிருக்கிறது. அப்பா கவனிக்காமல் வாயைத் தைத்து, தலையில் தூக்கிக்கொண்டு வாங்கியவர் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே போய் இறக்கியதும் மெத்தை கத்தியிருக்கிறது. அன்று ராத்திரியே அக்காவும் தம்பியும் சேர்ந்து அப்பாவின் பாட்டில் நாலு அடி கட்டிச் சேர்த்தார்களாம். என் அறையில் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் பாடிக் காட்டினார்.

ஒத்தக் கண்ணுப் பூன ஒண்ணு – ஏலய்யா
மெத்தக்குள்ள குட்டி போட – ஏலய்யா
விக்கப் போன மெத்தையெல்லாம் – ஏலய்யா
மியாவு மியாவு இன்னுச்சாமே – ஏலய்யா

அவர் போனதும் கீழே நாடாக் கிடங்குக்குப் போனேன். நீ நினைப்பதுபோல் நான் உன் மூலநாடாவை வெட்டவில்லை. பிரதி எடுத்து, அதைத்தான் வெட்டினேன். மூலம் உன் கையெழுத்தோடு அப்படியே அலமாரியில் இருக்கிறது. போட்டுக் கேட்டேன். வடம் வழுக்குகிறது. விழுகிறார்கள். சிரிக்கிறார்கள். யாரோ இருமுகிறார்கள். பிறகு அவன் குரல்: "ஒத்தக் கண்ணுப் பூன ஒண்ணு..."

நாடாவை நிறுத்திவிட்டு மறுபடி போட்டேன். நான் வெட்டியது அந்த நாலு அடியைத்தான்.

இப்போதும் சொல்கிறேன், நாலு நிமிட இடத்தில் பதினொரு நிமிடப் பாட்டைப் போட முடியாது. வெட்டத்தான் வேண்டும். ஆனால் அந்த இடத்தில் வெட்டியிருக்கக் கூடாது. அது தப்புத்தான்.

இந்த முறை அவர் ஊர் கேட்கவில்லை, தெரிந்துகொள். நீ கொடுத்த வாக்கைப் பற்றிச் சொன்னேன். தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "சரி. எங்க இருக்கான்னு எனக்குச் சொல்ல வேண்டாம். ஆனா அப்பா போயிட்டார், ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சுன்னு அவனுக்குச் சொல்லணும். அவன் இன்னும் அப்பா மேல கோபமா இருப்பான். இல்லாத ஆள் மேல எத்தனை நாள்தான் கோபப்படுவான்?"

கோபத்துக்குக் காரணம் இதுதான். பஞ்சு அடிக்க மெஷின் வாங்கலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான். என் கை இருக்கும்போது மெஷின் எதற்கு என்றிருக்கிறார் அப்பா. பேச்சு முற்றி, தம்பி வில்லைத் தூக்கிப் போட்டு உடைத்திருக்கிறான். இந்தப் படியை மிதிக்காதே என்று அப்பா சொல்ல, அவனும் மிதிக்கவில்லை.

ஊர் சொல்ல வேண்டாம். நீ போய் அவனிடம் சொல்வாயா?

உன் அண்ணி


ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

மூலநாடாவை வெட்டவில்லை என்பதை மூன்று வருடத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். "நீ கேட்கவில்லையே" என்று நீங்கள் சொன்னால் என்னால் மறுக்கவும் முடியாது. கேட்காமல்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

அவர் இருப்பது நான் இருக்கும் ஊரில்தான். இதைச் சொல்லாமல் நடந்ததை எழுத முடியாது; உங்களோடு இருக்கட்டும், அக்காவுக்குப் போக வேண்டாம். மருத்துவமனை ஜன்னலிலிருந்து படகுப் பட்டறை தெரியும். பெரிய கப்பல்களுக்கு இயந்திரம் இருக்கிறது. மீன்படகுகளைப் பழுது பார்க்க மேட்டில் ஏற்றுவதற்கு இன்னும் கைவடம்தான். அங்கே அவர் பெயர் ஊமையன். பாடுவதைத் தவிர வாயைத் திறப்பதில்லை என்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். என்னைப் பார்த்தாலும் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான்.

இடைவேளையில் போனேன். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு போனதெல்லாம் மறந்துவிட்டது.

"உங்க பாட்டுல ஒரு பூனை வருமே," என்றேன். "அதுக்கு எந்தக் கண்ணு தெரியாது?"

"எடது கண்ணு," என்றார் உடனே. பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "யார் கேக்கச் சொன்னது?"

"உங்க அக்கா. ரேடியோவுல உங்க பாட்டக் கேட்டிருக்காங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு நான் சொல்லல. அவங்களும் கேக்கல."

டீ டம்ளரைப் பலகை மேல் வைத்தார். "அப்பா விசாரிக்கச் சொன்னாரா?"

அண்ணி, அந்தக் கேள்வியில் இருந்த ஆசையை நான் எதிர்பார்க்கவில்லை. பதினோரு வருடமாக அந்த மனிதர் கோபத்தில் இல்லை. யாராவது கூப்பிடுவார்களா என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்பா இல்லீங்க," என்றேன். "ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு."

அதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் எழுந்து போய் வடத்தின் முனையில் நின்றார். பின்னால் எல்லோரும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்பாட்டு வந்தால்தான் வடம் நகரும். அவர் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தார். மேற்பார்வையாளர் கரையிலிருந்து ஏதோ கத்தினார்.

அவருக்குப் பின்னால் நிற்பவர் யானை மாதிரி ஓர் ஆள். நம் மொழியில் ஒரு சொல் தெரியாது. அவர் என்ன நினைத்தாரோ, தானே எடுத்துவிட்டார். "ஒத்தக் கன்னு பூணே ஒன்னூ..." அர்த்தம் தெரியாமல், உச்சரிப்பெல்லாம் உடைந்து, ஆனால் தாளம் ஒரு மயிரிழை பிசகாமல். எல்லோரும் 'ஏலய்யா' என்றார்கள். படகு ஏறியது. ஊமையன் குனிந்த தலை நிமிராமல் இழுத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் என் அறை வாசலில் வந்து நின்றார். காதுப் பெட்டிக்குள் போய்த் தானே உட்கார்ந்துகொண்டு, "இங்க சத்தம் வராதில்ல? உங்க பதிவு மெஷினப் போடுங்க" என்றார். போட்டேன். நான் வெளியே நின்றேன். அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. நாடாவை இத்துடன் அனுப்புகிறேன். அக்காவுக்கு மட்டும். தயவுசெய்து அவர் கேட்பதற்கு முன் நீங்கள் கேட்காதீர்கள்.

உங்கள் நாத்தனார்

பி.கு.: அவரையும் சோதித்துப் பார்த்தேன். இடது காது பாதி போய்விட்டது. இயந்திரங்கள் ஓடும் பெரிய கப்பல் துறையில் சில வருடம் வேலை செய்தாராம். வலது காது நன்றாக இருக்கிறது.


ஏப்ரல் 22

அன்புள்ள நாத்தனாருக்கு,

நாடா வந்த அன்றே அந்த அம்மாளை வரவழைத்தேன். சின்ன ஒலிப்பதிவு அறையில் தனியாக உட்காரவைத்து, பொத்தானைக் காட்டிவிட்டு வெளியே வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்க்கக்கூட இல்லை, சத்தியமாக. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

ரொம்ப நேரம் கழித்து அவரே கதவைத் திறந்து, "உள்ள வாங்க, நீங்களும் கேளுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தார். கேட்டேன். பாதி நேரம் மூச்சுச் சத்தம்தான். பிறகு, "அக்கா, விஷயம் தெரிஞ்சுது. அப்பா கடைசியா என்ன சொன்னார்னு கேக்க எனக்கு வாயில்ல. உனக்குக் கண்ணு எப்படி இருக்கு? ஊசி கோக்க முடியுதா?" அதற்கப்புறம் பாட்டு. வடத்துக்குப் பாடும் வேகத்தில் இல்லை. மெதுவாக, இழுத்து, நடுவில் வில் அதிர்வதற்கு இடம் விட்டு. அதுதான் அப்பா பாடும் நடையாம்.

"கண்ணாடி போட்டு ஆறு வருஷம் ஆச்சு. இப்பக் கேக்கறான்," என்றார் அந்த அம்மாள். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்த நேரம் பார்த்து இயக்குநர் வந்துவிட்டார். ஒலிப்பதிவு அறையில் ஏன் கூட்டம் என்று பார்க்க வந்தவருக்குப் பாதி கதை காதில் விழுந்துவிட்டது. "அடடா, இதை அப்படியே போடுங்க. தம்பி குரல், அக்கா குரல், அழுகை. ஊரே உக்காந்து கேக்கும். பத்திரிகையில வரும்" என்றார்.

"இது நிகழ்ச்சிக்கு எடுத்ததில்ல சார்," என்றேன்.

"நம்ம மெஷின், நம்ம நாடா."

"மெஷின் என் நாத்தனாரோடது. நாடாவும் அவளுதுதான்."

"யோசிச்சுச் சொல்லுங்க. உங்க நிகழ்ச்சிய ஒரு மணி நேரம் எதுக்கு வச்சிருக்கோம்னு மேலிடத்துல ஏற்கெனவே கேக்கறாங்க."

யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை. நாடாவை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது நம் வீட்டு அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. உன் அண்ணன் உலைக்கு அரிசி அள்ளப் போய், "என்னடி இது, அரிசியோட பாட்டையும் வேக வைக்கப் போறியா?" என்று கேட்டார்.

அடுத்தது. அந்த அம்மாள் தம்பிக்குத் தானும் ஒரு பதிலைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்றார். ஆனால் என் அறையில் முடியாதாம். "உங்க பெட்டியத் தூக்கிட்டு கடைக்கு வாங்க" என்றார். நான் இத்தனை வருடத்தில் கண்ணாடி அறைக்கு வெளியே மைக் பிடித்தது கிடையாது, உனக்கே தெரியும். நிலையத்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு தெரு நடப்பதற்குள் தோள்பட்டை இறங்கிவிட்டது. நீ இதைச் சுமந்துகொண்டு மலையெல்லாம் ஏறினாயா?

கடையில் ஐந்து பேர் வேலை பார்க்கிறார்கள். மூக்கில் துணி கட்டிக்கொண்டு எல்லோரும் என்னை வேடிக்கை பார்த்தார்கள். மைக்கை எங்கே வைப்பது என்று கேட்டேன். "இதோ, இதுக்குப் பக்கத்துல" என்று ஒரு மூலையைக் காட்டினார்.

என்ன பதிவு செய்தோம் என்று எழுதமாட்டேன். அவனோடு சேர்ந்து நீயும் கேட்கலாம் என்று அந்த அம்மாளே சொல்லிவிட்டார். நாடாவை அனுப்புகிறேன்.

உன் அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

முதலில் தொழில் பேச்சு. மைக்கை ரொம்ப அருகில் வைத்துவிட்டீர்கள். முதல் சில நொடிகள் ஒலியளவு காட்டும் முள் எகிறி, சத்தம் பிளந்துவிட்டது. பிறகு யாரோ தள்ளி வைத்திருக்கிறார்கள். நீங்களே என்றால் பாராட்டுகள். வெளியே போய்ப் பதிவு செய்வது கஷ்டம்தான் என்று இப்போதாவது ஒப்புக்கொண்டதற்கும் சேர்த்து.

அவரைப் பெட்டிக்குள் உட்காரவைத்து, வலது காதில் மட்டும் ஹெட்போனை வைத்தேன். எனக்கு இன்னொன்று. ஓடவிட்டேன்.

பேச்சு வரும் என்று காத்திருந்தார். வந்தது ஓர் இயந்திரம் சுழலத் தொடங்கும் சத்தம். கடகடவென்று பற்கள் பஞ்சைக் கிழித்து உதறும் சத்தம். நல்ல நீளத்துக்கு அது மட்டும்தான். நான் புரியாமல் அவரைப் பார்த்தேன். அவர் முகம் அப்படியே நின்றுவிட்டது.

அதன்மேல் அக்காவின் குரல், கத்திப் பேசுகிறார்: "கேக்குதாடா? பஞ்சு மெஷின். அப்பா வாங்கினது. நீ போன அடுத்த வருஷமே வாங்கிட்டார். தெனம் காலையில அவரே போடுவார். வேற யாரையும் தொட விடமாட்டார். உன்கிட்ட சொல்லணும்னா எங்கேன்னு எழுதறது? நிறுத்துறேன், இரு." சத்தம் அடங்கியது. "கண்ணு நல்லா இருக்கு. கண்ணாடி போட்டிருக்கேன். அவ்வளவுதான்."

அவர் ஹெட்போனைக் கழற்றவில்லை. "மறுபடி" என்று விரலால் காட்டினார். மறுபடி போட்டேன். அதன் பிறகும் ஒருமுறை கேட்டார். கடைசியில் சொன்னார்:

"பல்லு ஒண்ணு தேஞ்சிருக்கு. எண்ணெயும் போடல. இப்படியே ஓட்டுனா நின்னுடும்."

"இதையே அக்காவுக்குச் சொல்லட்டுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினார். உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை.

"நான் அங்க போனா, படி வரைக்கும் போவேன். அதுக்கு மேல கால் வருமான்னு தெரியல," என்றார். "அவ வருவாளா?"

"எங்க வர்றதுன்னு அவங்களுக்குத் தெரியாதே."

"சொல்லுங்க," என்றார். "ஊர் பேரச் சொல்லுங்க. வரட்டும்."

வாக்கைக் கொடுக்கச் சொன்னவரே திருப்பி எடுத்துக்கொண்டார். ஊர், தெரு, பட்டறை எல்லாம் தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அக்காவிடம் நேரில் கொடுங்கள். இயக்குநர் கண்ணில் பட வேண்டாம்.

நிகழ்ச்சி என்ன ஆயிற்று என்று நீங்கள் எழுதவே இல்லை. எனக்காக அதைப் பலி கொடுக்க வேண்டியதில்லை, அண்ணி.

உங்கள் நாத்தனார்


மே 18

அன்புள்ள நாத்தனாருக்கு,

அந்த அம்மாளின் கையில் தாளைக் கொடுத்தேன். படித்தார், மடித்தார், ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். "கடைய ஒரு வாரம் யார் பாத்துக்குவா?" என்று தனக்குத்தானே கேட்டார். அதற்குள் அங்கே வேலை செய்யும் ஒரு பெண், "நாங்க என்ன பொம்மையா?" என்றாள். தீர்ந்தது. வியாழக்கிழமைக் கப்பலுக்குச் சீட்டு வாங்கியாயிற்று. உன் அண்ணன் போய்ப் பெட்டியைக் கட்டிக் கொடுத்தார். பெட்டிக்குள் ஒரு தலையணை இருக்கிறது. "அவன் கண்ட இடத்துல தலைய வச்சுப் படுப்பான்" என்றாராம்.

நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்டாய். நான் எதையும் பலி கொடுக்கவில்லை. இயக்குநர் கூப்பிட்டு, நாடா எங்கே என்றார். தரமாட்டேன் என்றேன். அப்படியானால் ஒரு மணி நேரத்தை அரை மணி நேரமாக்கிவிட்டேன் என்றார். பாவம், அழுவேன் என்று நினைத்திருப்பார். "சரி சார். அரை மணி நேரத்துல நாலு பாட்டுப் போட்டா எதையும் கேக்க முடியாது. இனிமே வாரம் ஒரே பாட்டு. முழுசா. முன்னால கொஞ்சம் பேச்சு, அவ்வளவுதான்" என்றேன். அவருக்கு அதில் தப்பு கண்டுபிடிக்கத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டார்.

போன ஞாயிறு முதல் வாரம். உன் கம்பளிப் பெண்களைப் போட்டேன். நடுவில் ஒருத்தி அடி மறந்து திணறுவாள், மற்றவள் காதில் சொல்லிக் கொடுப்பாள். அதோடு போட்டேன். வடப்பாட்டைப் போடவில்லை. அக்காவும் தம்பியும் சொன்ன பிறகுதான் அது காற்றில் போகும்.

வாரம் ஒரு முழுப்பாட்டு என்றால் கையிருப்பு வருடம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். எனக்குப் பெட்டியைத் தூக்க முடியாது. ஆள் வேண்டும். கெஞ்சமாட்டேன். நல்ல ஆள் என்றால் எனக்கு ஒருத்தியைத்தான் தெரியும், அதனால் எழுதுகிறேன். வருகிறாயா?

உன் அண்ணி


ஜூன் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில் முதலில். வருகிறேன். இங்கே மாத முடிவில் சொல்லிக்கொண்டு கிளம்புவேன். ஒரே நிபந்தனை. எங்கே வெட்டுவது என்றாலும் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துதான் வெட்ட வேண்டும். சண்டை வரும். வரட்டும். ஒரே வீட்டில் சண்டை போட்டால் தபால் செலவாவது மிச்சம். அண்ணனுக்குக் காது சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்; நாம் கத்துவது எதுவும் அவர் காதில் விழுவதில்லை என்றால் ஒன்று செவிடாக இருக்க வேண்டும், இல்லை ஞானியாக இருக்க வேண்டும்.

இனி அக்கா வந்த கதை.

கப்பல் காலையிலேயே வந்துவிட்டது. துறையில் போய் அழைத்துக்கொண்டேன். அறைக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டுப் போகலாம் என்றேன். "நான் குளிக்கவா வந்தேன்?" என்றார். பெட்டியோடு நேரே படகுப் பட்டறைக்குப் போனோம்.

நாங்கள் போனபோது ஒரு படகு மேட்டில் பாதி தூரம் ஏறியிருந்தது. அவர் வடத்தின் முனையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அன்று பாட்டை எடுத்துக் கொடுத்த அந்தப் பெரிய ஆள் எங்களைப் பார்த்துவிட்டு அவரிடம் ஏதோ சொன்னார். அவர் முதுகு ஒரு கணம் விறைத்தது. ஆனால் அந்த நிலையில் வடத்தை விட முடியாது. விட்டால் படகு இறங்கி ஆள்மேல் ஏறிவிடும். அதனால் திரும்பிப் பார்க்காமல் பாடினார், இழுத்தார். அக்காவும் கூப்பிடவில்லை. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேலை முடியட்டும் என்று நின்றார். தொழில் செய்கிறவர் இல்லையா, அவருக்குத் தெரியும்.

படகு ஏறி, அடியில் கட்டை கொடுத்த பிறகுதான் அவர் திரும்பினார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். ரொம்ப நேரம் துடைத்தார். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றார்கள். அவர் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்துச் சொன்னார்:

"செருப்பக் கழட்டு. இங்க வழுக்கும்."

"பதினோரு வருஷம் கழிச்சு இதான் பேச்சா?"

"வழுக்குதே."

"வழுக்கட்டும். விழுந்தா நீ தூக்க மாட்டியா?"

அவ்வளவுதான். அணை உடைந்தது. நீ ஏன் எழுதவில்லை என்று அக்கா கேட்க, நீ ஏன் தேடவில்லை என்று தம்பி கேட்க, வில்லை உடைத்தது யார், படியை மிதிக்காதே என்று சொன்னது யார், அதை நம்பியது எந்த முட்டாள் என்று கை நீட்டிச் சண்டை போட்டார்கள். அப்பா அந்த மெஷினை எந்தக் கடையில் வாங்கினார் என்பதற்கு ஒரு சண்டை. அக்காவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்பதற்கு ஒரு சண்டை. அழுதுகொண்டே சண்டை, நடுவில் ஒரு தடவை சிரித்துவிட்டு அதற்கும் சேர்த்துச் சண்டை.

வடத்தைப் பிடித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். ஒரு சொல்லும் அவர்களுக்குப் புரியாது. ஆனாலும் ஒருத்தரும் கண்ணை எடுக்கவில்லை. பெரிய ஆள் வாயில் கை வைத்துப் பக்கத்துப் பட்டறைக்கு ஏதோ கத்தினார். என்ன சொன்னார் என்று கேட்டேன். "ஊமையன் பேசுறான், வந்து பாருங்கடா" என்று சொன்னாராம்.

வந்தார்கள். ஆணி அடிப்பவர்கள், வலை தைப்பவர்கள், தார் பூசிய கையோடு இரண்டு பேர். மேற்பார்வையாளர் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர் வடிவதற்குள் இரண்டாவது படகை ஏற்ற வேண்டும் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. அவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு ஒரு மரக்கட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கு அந்த இரண்டாவது படகு ஏறவே இல்லை.

உங்கள் நாத்தனார்